இரண்டு மைல் கம்பி

எனக்கு வாய் நீளம். என்னிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட பெண்கள் எல்லோருக்கும் அது தெரியும். வலியில் ஊரைக் கூட்டுகிறவளை, "அடியே, மூச்சைப் பிடிச்சு முக்கு, ஒப்பாரிய அப்பறம் வச்சுக்கலாம்" என்று அதட்டுவேன். மாமியார்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். டாக்டரையே ஒருமுறை கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் அதட்டிப் பேசி நான் கெட்டதே இல்லை. ஒரே ஒரு நாள், தலையைக் குனிந்துகொண்டு, மெல்லிய குரலில் ஒரு பொய் சொன்னேன். அன்றைக்குத்தான் கெட்டேன்.

நான் ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம். நர்ஸ் படிப்பு முடித்து, விராலிமலைக்கும் இலுப்பூருக்கும் நடுவில் ரோட்டோரமாக இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தபோது புதுக்கோட்டை இன்னும் சமஸ்தானமாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரி என்றால் இரண்டு அறை, ஒரு மேசை, ஒரு அலமாரி, வாரத்துக்கு ஒருநாள் எட்டிப் பார்க்கும் டாக்டர். மற்ற ஆறு நாளும் நான்தான் டாக்டர், நான்தான் கம்பவுண்டர், கூட்டிப் பெருக்குகிறவளும் நானேதான்.

ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே, வேலங்காட்டைத் தாண்டி ஒரு கிராமம். பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த ஒருவர் அங்கே இருந்தார். என்னைவிட இளையவர், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். பர்மாச் சண்டையில் டெலிபோன் கம்பி இழுக்கிற பிரிவில் இருந்தவர். அவர் மனைவிக்கு முதல் குழந்தை செத்துப் பிறந்தது. இரண்டாவதும் தங்கவில்லை. அந்த இரண்டாவது பிரசவத்தில் அவளுக்கும் ரத்தம் நிற்காமல் கொட்டியது. அவர் காட்டுவழியே ஓடிவந்து சொல்ல, நான் ஓடிப்போய் ஊசி போட்டு, அடிவயிற்றைப் பிசைந்து ஒருவழியாக நிறுத்தினேன். "இன்னும் கால்மணி நேரம் கழிச்சு வந்திருந்தேன்னா இவ இல்ல தம்பி" என்று அவரிடம் சொன்னேன். பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது. அந்தக் கால்மணி நேரம் அவர் மனசில் தைத்துவிட்டது.

அப்போது திருச்சியில் சண்டையில் மிஞ்சிய பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டார்கள். போனவர்கள் எல்லோரும் கூடாரத் துணியும் பூட்ஸும் அள்ளிக்கொண்டு வர, இவர் இரண்டு டெலிபோன் பெட்டியும் கம்பிச் சுருளும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். "ஒனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா தம்பி?" என்றேன். அவர் சிரித்துவிட்டு மரத்தில் ஏறினார். வேலமரம், பனைமரம் என்று பார்த்துப் பார்த்துக் கட்டி, இரண்டு மைலுக்கும் கம்பி இழுத்து முடிக்க ஒரு வாரம் ஆனது. ஒரு பெட்டி என் மேசையில், இன்னொன்று அவர் வீட்டில். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். அங்கே சுற்றினால் இங்கே மணி அடிக்கும், இங்கே சுற்றினால் அங்கே. அந்தப் பக்கம் மணியை யார் கேட்டார்கள், யாராவது கேட்டார்களா என்பது மட்டும் சுற்றுகிறவருக்குத் தெரியாது. இதற்கெல்லாம் சமஸ்தானத்து ஆபீஸில் எழுதிப்போட்டு, முத்திரை குத்திய அனுமதிக் காகிதமும் வாங்கி வந்திருந்தார். அதைக் கண்ணாடி போட்டு என் அறைச் சுவரில் மாட்டினோம்.

பெட்டி வந்தது, பேச ஆள்தான் இல்லை. ஆண்கள் வந்து 'அலோ அலோ' என்று கத்தி விளையாடினார்கள். பெண்கள் கிட்டவே வரவில்லை. எங்கள் பக்கத்தில் வலி எடுத்துவிட்டது என்பதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அடுத்த வீட்டுக்குக்கூடத் தெரியாமல் வைத்திருப்பார்கள். பேச்சு வெளியே போனால் கண் பட்டு, வயிற்றிலிருப்பது இறங்காமல் நின்றுவிடும் என்று பயம். பட்டாளத்துக்காரரின் மனைவி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"போங்கக்கா! இந்தப் பெட்டிக்குள்ள வாய வச்சு அதையெல்லாம் எப்பிடிச் சொல்றது? கம்பி நெடுக எவன் எவன் காது வச்சிருக்கானோ!"

அவள் மாமியார் அதற்கு மேல். பெட்டியைப் பார்த்தாலே உதட்டை இறுக்கிக்கொள்வாள்.

"சரி, தொலையுது, யாரும் பேச வேணாம்" என்றேன். "ஒருக்கா சுத்துனா வலி எடுத்திருக்குன்னு அர்த்தம். ரெண்டுன்னா பனிக்குடம் ஒடஞ்சிருச்சு. மூணுன்னா ரத்தம். மூணு கேட்டுச்சுன்னா சோத்துல கை வச்சிருந்தாலும் ஒதறிட்டு ஓடியாருவேன். போதுமா?"

மாமியாருக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரு சுற்று, விட்டு இன்னொரு சுற்று என்று விரல் மடக்கி மடக்கிப் பழகினாள். அந்த ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் அந்தப் பெட்டி பொதுவாயிற்று. ஏழெட்டுப் பிரசவத்துக்கு நான் நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன். மணி அடித்த நேரத்தையும், எத்தனை அடித்தது என்பதைக் கோடு போட்டும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். என் யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

மாசியில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. மிட்டாய் கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றேன். அதன் பிறகு என்னென்னவோ மாறியது. மதுவிலக்கு வந்தது. தலைமறைவாக இருந்த கம்யூனிஸ்டுகளைப் போலீஸ் காடுகளில் தேடிக்கொண்டிருந்தது. தண்டவாளத்தைப் பெயர்க்கிறார்களாம், ரகசியமாகச் செய்தி அனுப்பிக்கொள்கிறார்களாம் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். என் சுவரில் தொங்கிய காகிதம் சமஸ்தானத்தோடு சேர்ந்து செத்துவிட்டது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வருஷம் அவள் மூன்றாவது முறையாக உண்டானாள். கடைசி மாதத்தில் திருச்சி பெரியாஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொள் என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். "அதான் பெட்டி இருக்கேக்கா, நீங்க இருக்கீங்களே" என்றாள். அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் உச்சி குளிராது! நானும் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

இனிச் சொல்லப்போவது நான் செய்த காரியம். ஐப்பசியில் ஒருநாள் மதுவிலக்குப் போலீஸ் வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்று அந்தக் கிராமத்துக்கு வழி கேட்டது. வழி சொன்னேன். அந்த ஊரில் சாராயம் காய்ச்சுகிறவன் ஒருவன் இருந்தான். அவன் மேல் எனக்குத் துளி மதிப்புக் கிடையாது. ஆனால் அவன் பெண்டாட்டி பிள்ளை பெற்றுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவனைக் கொண்டுபோனால் அவளுக்குக் கஞ்சி ஊற்ற நாதியில்லை. வண்டி திரும்புவதற்குள் என் கை கைப்பிடிக்குப் போய்விட்டது. பட்டாளத்துக்காரர்தான் எடுத்தார்.

"தம்பி, போலீஸ் வண்டி ஒண்ணு அங்கிட்டு வருது. வேற எதுவும் கேக்காத."

"சரிங்கக்கா" என்று வைத்துவிட்டார்.

வண்டி வெறுங்கையோடு திரும்பிப் போனதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மூன்று வாரம் கழித்து அதே ஆள் வேறொரு ஊரில் அகப்பட்டான். போன தடவை எப்படித் தப்பினாய் என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு தட்டுத் தட்டியதும் கம்பி வழியாக வந்த சேதியைச் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ் வண்டி. பட்டாளத்துக்காரர் ஏதோ மருந்து வாங்க வந்தவர், அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். அதிகாரி என் நோட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாக நேரமும் கோடுகளும். அவர் முகம் போன போக்கு சரியில்லை. எங்கள் இரண்டு பேரையும் வண்டியில் ஏறச் சொன்னார். பெட்டியை எடுக்கவில்லை. ஒரு கான்ஸ்டபிளை என் நாற்காலியில் உட்காரவைத்து, "மணி அடிச்சா எடுக்காத, பேசாத. எத்தனை தடவை அடிக்குது, என்ன நேரம், அதை மட்டும் எழுது. அங்கிட்டு யார் இருக்காங்கன்னு பாப்போம்" என்றார். என்னைப் பார்த்து, "இந்தக் கான்ஸ்டபிள்கிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றார். எனக்கிருந்த ஆத்திரத்தில் அந்தக் கான்ஸ்டபிள் முகத்தைக்கூட நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பழக்கத்தில் என் பையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

போலீஸ் ஆபீஸில் ஒரு பெஞ்சு. ஒரு ஓரத்தில் அவர், மறு ஓரத்தில் நான், மடியில் பை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பதினொரு மணிக்குமேல் கூப்பிட்டார்கள்.

அதிகாரி கொடுமைக்காரர் இல்லை. மின்விசிறிக் காற்று என் மேல் படும்படி நாற்காலியை நகர்த்திப் போட்டவர். "ஏம்மா, இது பட்டாளத்துச் சாமான்" என்று ஆரம்பித்தார். "சண்டையில எதிரி வாரான்னு சொல்றதுக்காகச் செஞ்சது. லைசென்ஸ் இல்லாம ரெண்டு மைலுக்குக் கம்பி இழுத்து வச்சிருக்கீங்க. கோடு கோடாக் குறிச்சு வச்சிருக்கீங்க. நான் என்னன்னு நெனைக்கிறது?"

"சமஸ்தானத்துல காயிதம் குடுத்திருக்காங்க."

"எந்தச் சமஸ்தானம்?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தேன். "இதை வச்சுத்தான் தொப்புள்கொடி அறுக்கிறேன். இதை வச்சு ஒரு ஆளைக் குத்திக் கொல்லவும் செய்யலாம். இதையும் புடுங்கிக்கிறீங்களா?"

அவர் சிரித்தார். "கத்தரிக்கோலுக்குச் சட்டம் இல்லம்மா. டெலிபோனுக்கு இருக்கு. நல்லவங்க கையில இருந்தா நல்லதுக்குத்தான் ஆகும், எனக்குத் தெரியாதா? ஆனா யார் நல்லவங்கன்னு கம்பியைப் பாத்து எப்பிடிச் சொல்றது? அதனால ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பிரசவத்துக்குத் தவிர வேற எதுக்காச்சும் இந்தப் பெட்டியப் பயன்படுத்துனீங்களா?"

என் கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். ஆமாம் என்றால் அவரை உள்ளே தள்ளிவிடுவார்கள், அவளோ எட்டு மாதம் முடிந்தவள். கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டு, "சத்தியமா இல்லீங்கய்யா" என்றேன்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மெதுவாகப் படித்தார். சாராயக்காரனின் வாக்குமூலம். வண்டி வந்த நாள், நேரம், நான் பேசியது, எல்லாம் அதில் இருந்தது. படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. அவ்வளவுதான், என்னை நம்புவதை அவர் விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் நான் உண்மையைச் சொன்னேன். ஒன்றுக்கு என்ன, இரண்டுக்கு என்ன, மூன்றுக்கு என்ன என்று எல்லாம் சொன்னேன். இவர் பெண்டாட்டிக்கு ரெண்டு தடவை குழந்தை தவறிப்போனது, மணி மூன்று தடவை அடித்தால் கால்மணி நேரம்தான் இருக்கிறது, அந்தக் கான்ஸ்டபிளிடம் அதை மட்டுமாவது சொல்லி அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். ஆமாம், நான் கெஞ்சினேன். "அப்ப நாலு அடிச்சா போலீஸ் வண்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு அவர் வேறு காகிதக் கட்டைப் பிரித்தார். பட்டாளத்துக்காரர் எழுந்து நின்று, "ஐயா, அவங்க சொல்றது நெசம்" என்றார். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார்.

மாலை நாலு மணிக்கு எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். இருந்த ஒரே பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வரும்போது ஐந்தரை. கான்ஸ்டபிள் எழுந்து நின்றார். சின்ன வயசு, வெள்ளந்தியான முகம். காலையில் அதைக்கூட நான் கவனிக்கவில்லை. "ஒண்ணும் தொந்தரவு இல்லம்மா, மணிதான் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு" என்று காகிதத்தை நீட்டினார். அழகான கையெழுத்து.

பதினொன்று இருபதுக்கு ஒன்று. ஒரு மணிக்கு இரண்டு. இரண்டு பத்துக்கு மூன்று. இரண்டு பன்னிரண்டுக்கு மூன்று. இரண்டு பதினைந்துக்கு மூன்று. அப்படியே பக்கத்தின் பாதிவரை மூன்று, மூன்று, மூன்று. பிறகு நான்கு. பிறகு இரண்டு. பிறகு ஐந்து. கடைசியாக மூன்று ஐம்பதுக்கு ஒன்று. அதோடு சரி.

"எதுக்கு அடிக்குதுன்னு எனக்கு யாரும் சொல்லலம்மா" என்றார் கான்ஸ்டபிள். "எனக்கே என்னமோ மாதிரி இருந்துச்சு. எடுக்கக் கூடாதுன்னு சொல்லியும் ஒருதடவை எடுத்துக் காதுல வச்சேன். யாருங்கன்னு கேட்டேன். அங்கிட்டு மூச்சு வாங்குற சத்தம் கேட்டுச்சு. பேச்சே இல்ல."

பேச வேணாம், மணி போதும் என்று பழக்கியவள் நான்தானே!

பட்டாளத்துக்காரர் அதற்குள் காட்டுக்குள் ஓடிவிட்டார். அவருக்குப் பின்னால் நான் ஓடினேன். தலைக்குமேலே கம்பி கூடவே வந்தது. அதை நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்று ஓடினேன்.

ஊரில் ஒரு ஆண் இல்லை. சாராயக்காரனைப் போலீஸ் பிடித்துப்போனது தெரிந்து எல்லோரும் காட்டுக்குள் ஒளிந்துகொண்டிருந்தார்கள். காலையில் எங்கள் இரண்டு பேரையும் கொண்டுபோனார்கள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. பெண்கள் ரோட்டுக்கு ஓடிவந்து சொல்லியிருக்கலாம், யாரும் வரவில்லை. எதற்கு வரவேண்டும்? மணிதான் அடித்தாயிற்றே, நர்ஸம்மா வந்துகொண்டிருப்பாள். எல்லோரும் வாசலில் நின்று வழியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

குழந்தை உயிரோடு இருந்தது, பெண் குழந்தை. அவள் இல்லை. பாயெல்லாம் ரத்தம். கை சில்லிட்டிருந்தது. ஊசி என் பையில்தான் இருந்தது, காலையிலிருந்து என் மடியிலேயே இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன்.

மாமியார் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தாயி, மூணுதானே? நான் மூணுதானே அடிச்சேன்? நீ வரலையா, சரி, எண்ணிக்கைய மறந்துட்டம் போலருக்குன்னு நாலு அடிச்சேன். ரெண்டு அடிச்சேன். அஞ்சும் அடிச்சுப் பாத்தேன். எது அடிச்சும் நீ வரல. எத்தனைன்னு எனக்கு மறந்துபோச்சே தாயி!"

அந்தக் கடைசி ஒன்று எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவள் போய்விட்டாள் என்று சொல்ல நாங்கள் எண் எதுவும் வைத்திருக்கவில்லை.

மறுநாள் வந்து அந்தப் பக்கத்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். லைசென்ஸ் கேட்டு நான் எழுதினேன், திரும்பத் திரும்ப எழுதினேன். திருச்சிக்கு எழுதச் சொன்னார்கள், மதராஸுக்கு எழுதச் சொன்னார்கள், டில்லிக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். பல வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. கருவிகளை எந்த நோக்கத்துக்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டு மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டுமாம். அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பட்டாளத்துக்காரர் மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைப் பார்த்தால் "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்பார். அந்த ஆபீஸ் அறையில் நான் சொன்னதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. எனக்காக அவர் அடக்கிக்கொண்டாரா, அவருக்காகத்தான் சொன்னேன் என்று நினைத்தாரா, தெரியவில்லை. அதிகாரி மேல் வஞ்சம் வைக்கவும் என்னால் முடியவில்லை. சாராயக்காரனுக்குச் சேதி சொன்ன பெட்டிதானே அது? அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் உண்மையைச் சொல்லியிருந்தால், மூன்று தடவை மணி அடித்தால் ரத்தம் என்றதை நம்பியிருப்பாரோ என்னவோ. நம்பாமலும் போயிருக்கலாம். இதை நினைத்து நினைத்து எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

அறுபதுகளில் ரோட்டோரத்துப் போஸ்டாபீஸுக்கு சர்க்கார் டெலிபோன் வந்தது. பார்ப்பதற்குக் கூட்டம். மாமியாரும் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். பேத்தி அவள் அம்மாவை உரித்து வைத்தமாதிரி வளர்ந்திருந்தாள். கிழவிக்குக் கண் மங்கிவிட்டது. மணி அடித்தது. கூட்டம் கை தட்டியது. அவள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எண்ணி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். இத்தனை வருஷமும் பார்க்கும்போதெல்லாம் கேட்கிற அதே கேள்விதான்.

"தாயி, அன்னைக்கு நான் சரியாத்தானே அடிச்சேன்?"

"சரியாத்தான் ஆத்தா அடிச்ச. மூணுதான். ஒன் மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்பறம் ஏன் தாயி நீ வரல?"

"போலீஸ் விடல ஆத்தா" என்றேன். எப்போதும் சொல்கிற பதில்தான். அவர்கள் ஏன் விடவில்லை என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நம்பவில்லை என்று தெரிந்தது. தான்தான் எண்ணிக்கையைத் தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேதான் அவள் செத்துப்போனாள்.